குமிழா, குழாயா: கிளாக்கோமா அறுவைக்குப் பின் கிருமி நுழையும் வழி

கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) ட்ராபெகுலெக்டமி, அதாவது கண்ணின் உள்நீர் வடியப் புது வழி திறக்கும் அறுவை, செய்தாலும் சரி, அந்த நீரை வடிக்கும் குழாய் பொருத்தினாலும் சரி, கண்ணுக்குள் கிருமித்தொற்று வருவது அபூர்வம். வந்துவிட்டால் பார்வையே போகலாம். கிருமி நுழையும் வழிதான் வேறு.

ட்ராபெகுலெக்டமியில் மேல் இமைக்கு அடியில் ஒரு நீர்க்குமிழ் உருவாகிறது. தழும்பு கட்டாமலிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பார்கள். அழுத்தம் நன்றாகக் குறையும். ஆனால் சில கண்களில் குமிழின் சுவர் ரத்த ஓட்டமில்லாமல் வெளுத்து மெலிந்துவிடும். அதில் ஊசிமுனைக் கசிவு போதும், பல வருடம் கழித்தும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே போய்விடும். ‘ஆபரேஷன் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சே’ என்ற அசட்டைதான் எனக்குப் பெரிய கவலை. குமிழ் பால்போல் வெளுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும் கட்டத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் சொட்டு மருந்தில் அடங்கும். உள்ளே பரவினால் வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி ஊசிகளைக் கண்ணுக்குள்ளேயே போட வேண்டும்.

குழாயில் குமிழ் தடிப்பாக, பின்னால் தள்ளி இருக்கும்; கசிவு குறைவு. இங்கே வில்லன் வேறு: மேலே மூடிய சவ்வு அரிந்து குழாய் வெளியே தெரிவது. இதைத் தடுக்கத்தான் குழாய்மேல் ஸ்கிளீரா (கண்ணின் வெள்ளைச் சுவர்) ஒட்டு வைக்கிறார்கள். வலி இல்லாமலும் அரியும் என்பதால் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தொற்றினால் குழாயையே எடுக்க நேரலாம்.

கான்டாக்ட் லென்ஸை விடவே முடியாதவருக்கு, லென்ஸ் மெலிந்த குமிழில் உரசும் என்பதால், தொற்று பயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் குழாய்ப் பக்கமே சாய்வேன். எதுவானாலும் கண் சிவந்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.