பினாங்கு வெயிலுக்கு எந்தச் சூரியக் கடிகாரம்?

குளுகோர் வீட்டு வாசலில் ஒரு வருடமாக நான்கு சூரியக் கடிகாரங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று இணையத்தில் வாங்கியது, மற்ற மூன்றும் நானே செய்தவை.

வாங்கியது பித்தளை. பார்க்க அழகு, விலை 68 ரிங்கிட். அதன் முள் ஐம்பது பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். லண்டன் தோட்டத்துக்குச் சரி. முள்ளின் சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும், பினாங்குக்கு அது 5.4 பாகைதான். தகட்டை வடக்குப் பக்கம் 46 பாகை சரித்து வைத்தால் நேரம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் டிசம்பரில் நம் ஊரிலும் லண்டன் குளிர்காலப் பகல்தான்: காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் தகட்டில் வெயில் விழாது. இப்போது அதன் மேல் துளசித் தொட்டி இருக்கிறது.

சரி, நம் ஊர்க் கணக்குக்கே கிடைத்தட்டு ஒன்று செய்வோம் என்று பிளைவுட் அறுத்தேன். 30 செ.மீ. நீள முள்ளுக்கு உயரம் 3 செ.மீ. கூட வரவில்லை, கதவுக்கு அடை வைக்கும் ஆப்பு மாதிரி இருந்தது. காலை 7 முதல் மாலை 5 வரை பதினொரு கோடுகளும் 40 பாகைக்குள் நெருக்கியடித்து நின்றன. நண்பகலுக்கும் அடுத்த மணிக்கும் நடுவே ஒன்றரைப் பாகைகூட இல்லை. எறும்பு ஊர்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

பழைய சிடியின் நடுவே சாத்தே குச்சியைச் செருகிச் செய்தது மூன்றாவது. மணிக்கு 15 பாகை, கோடு போடுவது சுலபம், செலவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கோடு வேண்டும்: மார்ச் முதல் செப்டம்பர் வரை வடக்கு முகம், மற்ற மாதங்களில் தெற்கு முகம். மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் சில நாட்கள் இரண்டு முகத்திலும் வெயில் சரியாக விழாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை.

நான் வைத்துக்கொண்டது நாலாவது. ஹார்ட்வேர் கடையில் மிஞ்சிய 6 அங்குல பி.வி.சி. குழாய், 40 செ.மீ. துண்டு, நீளவாக்கில் பாதியாக அறுத்தது. இரு முனையின் நடுவிலும் கட்டி இழுத்த மெல்லிய கம்பிதான் முள். குழாயைத் தெற்கு வடக்காகப் படுக்க வைத்து, வடக்கு முனைக்கு அடியில் 4 செ.மீ. கட்டை. உள்ளே ஒட்டிய தாளில் மணிக்கு 2 செ.மீ., காலை முதல் மாலை வரை ஒரே இடைவெளி. ஐந்து நிமிடம் வரை படிக்க முடிகிறது.

முதல் வாரம் மட்டும் நேரம் உதைத்தது. திசைகாட்டியை இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்து வடக்கு பார்த்தது என் தப்பு.

அப்புறம் கடிகாரக் கணக்கு. நம் மணி 120 பாகைத் தீர்க்கரேகையுடையது, பினாங்கோ 100.3-இல் இருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது கைப்பேசி ஏறக்குறைய 1:19 காட்டும். (1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளுவதற்கு முன் இந்த வித்தியாசம் 49 நிமிடம்தான்.) குழாயில் இதைச் சரிசெய்வது சுலபம், தாளை உரித்து நகர்த்தி ஒட்டினால் போதும். அதற்குப் பிறகும் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அதற்கு ஒரு சிறிய அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தாளை உரிக்கப் போனபோது அம்மா தடுத்தார். “அதைக் கிழிக்காதேப்பா, ராகு காலம் சூரியன் கணக்குத்தானே?” ஞாயிறு நாலரை முதல் ஆறு என்பது கைப்பேசியில் 5:49 முதல் 7:19 என்று சொன்னேன். அவர் அசரவில்லை. இப்போது குழாயில் இரண்டு தாள்: தெற்கு முனையில் எனக்கு, வடக்கு முனையில் அம்மாவுக்கு.