செவ்வாய்ப்பேட்டை பைண்டிங் கடை: பழைய தாள்களை நம்பிக் கொடுக்கலாம்

சேலத்தில் பழைய தாள்களைக் கட்டிவைக்க இடம் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் கடை. வக்கீல் ஆபீஸ் கட்டுகளும் கல்லூரி பிராஜெக்ட்டும்தான் அங்கே அதிகம். நான் கொடுத்தது, அப்பா 1971-இல் கத்தரித்து வைத்த வங்கதேசப் போர்ச் செய்திகளும், பிற்பாடு படித்து அவர் எழுதிய குறிப்புகளும்.

டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போரைவிட, அதற்கு முந்தைய மாதங்கள்தான் அப்பாவுக்கு முக்கியம். இந்தியப் பக்கம் பயிற்சி எடுத்து, எல்லை தாண்டிப் போய்ப் பாலங்களைத் தகர்த்த, வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிப் பையன்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதிலும் ஆகஸ்ட் 15 இரவு. பிளாசியில், பாகீரதி ஆற்றில் பழகிய நீச்சல்காரர்கள், காந்தக் கண்ணிவெடியைத் துண்டால் மார்பில் கட்டிக்கொண்டு சிட்டகாங், மங்ளா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்களுக்கு அடியில் போய் ஒட்டினார்கள். எப்போது இறங்குவது என்பதற்குச் சைகை, கல்கத்தா வானொலியில் ஒலித்த பாட்டு. பிரான்ஸில் நின்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலை விட்டுத் தப்பிவந்த வங்காள மாலுமிகளும் இந்தப் படையில் இருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான்கு துறைமுகங்களையும் கிராஃப் தாளில், இரண்டு பக்க அகலத்துக்கு அப்பா வரைந்திருந்தார். கடைக்காரர் அதை விரித்துப் பார்த்ததும், "நடுவுல தைச்சா சாந்த்பூர் மறைஞ்சிரும்ங்க. பட்டை ஒட்டி வச்சுத் தர்றேன்" என்றார். அப்படியே செய்தார், இப்போது படம் முழுசாக விரிகிறது. ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்ததால் கட்டிங் மெஷினில் வைக்கவே இல்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை, காலிகோத் துணி ஒட்டிய முதுகு. நூல் தையல் நல்ல இறுக்கம்.

குறை என்றால், சொன்ன தேதிக்குக் கிடைக்காது. முதுகில் அடித்த தங்க எழுத்தும் மங்கல்தான். அதற்கு வேறு கடை பார்க்கலாம். பிராஜெக்ட் பைண்டிங்கைவிடக் காசு அதிகம், வேலைக்குத் தகும். அப்புறம், செய்தித்தாளை லேமினேஷன் செய்து எடுத்துப் போகாதீர்கள், அதை அவர் தைக்க மாட்டார். மதியத்துக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம்.