பனி குறைந்த வருடத்துக்கு எந்த ஸ்கீ: புது கார்பனா, பழைய மரமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கட்சி. சூரிக்கில் எங்கள் கட்டடத்து நிலவறையில் இப்போது இரண்டு ஜோடி நிற்கின்றன. ஒன்று, 2022 நவம்பரில் ஆசைப்பட்டு வாங்கிய புத்தம்புது கார்பன் ஸ்கீ. இன்னொன்று, அடுத்த ஜனவரியில் வயிற்றெரிச்சலோடு ஒரு பெரியவரின் கராஜிலிருந்து 120 பிராங்குக்குத் தூக்கி வந்த மர ஸ்கீ. பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், மேலே இருந்த படமெல்லாம் தேய்ந்துபோய் முதலில் என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. பனி கொட்டுகிற வருடமென்றால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை. பனி ஏமாற்றிய வருடத்தில், நண்பர்களோடு லிஃப்ட் இல்லாத மலைக்குப் போக எது கைகொடுத்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

லிஃப்ட் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ஒரே பக்கமாகப் படிந்த முடி உள்ள பட்டையை (ஒரு காலத்தில் கடல்நாய்த் தோல், இப்போது மோஹேர் என்னும் ஆட்டு முடி அல்லது நைலான்) ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் போட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இதைத்தான் ஸ்கீ டூர் என்கிறார்கள். மூன்று மணி நேரம் ஏறி முக்கால் மணியில் இறங்குவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று ஊரில் இருக்கும் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்றால், 2023 புத்தாண்டு அன்று சுவிஸின் வடமேற்கு மூலையில் டெலேமோனில் வெயில் 20.2 டிகிரி. எங்கள் நால்வருக்கும் வழக்கமான இடம் பிரெட்டிகாவ் பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கும் சங்க்ட் அந்தோனியன். கியூப்லிஸ் வரை சிவப்பு ரயில், அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, அதாவது சுமார் 1,400 மீட்டரிலேயே, ஸ்கீயை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அந்த ஜனவரியில் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு, மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டி, ஈரப் புல்லில் ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் தொடர்ச்சியான பனியே கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் கார்பன்தான் ஜெயிக்கும், அதை மறைக்கவில்லை. என் கார்பன் ஸ்கீ ஒன்று 1,150 கிராம், அதன் மேல் பூட்ஸைப் பூட்டும் 'பின்' (ஊசி) பைண்டிங் 300 கிராம். பின் பைண்டிங் என்பது பூட்ஸின் முனையை இரண்டு பக்கமும் ஊசி மாதிரிப் பிடித்துக்கொள்வது, 1980களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் கண்டுபிடித்தது, இன்று டூர் போகிறவர்கள் பெரும்பாலோர் காலில் அதன் வழித்தோன்றல்தான். பழைய மர ஸ்கீ 1,650, பைண்டிங்கோடு இரண்டு கிலோ. ஒரு காலுக்கு அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் அந்த அரை கிலோவைச் சில ஆயிரம் தடவை தூக்கி வைக்கிறோம், பனி இல்லாத வருடத்தில் முதுகிலும் சுமக்கிறோம். கார்பனோடு போனபோது பன்னிரண்டு மணிக்கு உச்சியில் இருந்தேன், மரத்தோடு போனால் பன்னிரண்டே கால், பன்னிரண்டரை. அவ்வளவுதான். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம், சப்பாத்தி உருளைக்கிழங்கு கட்டிக்கொண்டு போகிற எங்களுக்கு இல்லை.

இறங்கும்போது? மரம் நிதானம், கார்பன் கொஞ்சம் படபடக்கும், நாலு இறக்கத்தில் பழகிவிடும். வாடகைக்கு எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை: நாளொன்றுக்கு ஐம்பது அறுபது பிராங்க் ஆகிறது, வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம், ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த அடிப்பக்கம்தான்.

ஸ்கீயின் அடி என்பது பாலிஎதிலீன் தகடு, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான கனம். அதன் இரு ஓரங்களிலும் உருக்கு விளிம்பு. அதற்கு மேலே மர உள்ளீடு, அந்த மரத்துக்கு மேலும் கீழும் கண்ணாடியிழையோ கார்பனோ. எடை குறைய வேண்டுமென்றால் எங்கேயாவது குறைக்க வேண்டும் அல்லவா, பல லேசான ஸ்கீகளில் விளிம்பும் அடித்தகடும் மெலிந்துபோகும், உள்ளே மரமும் பவுலோனியா மாதிரி மெத்தென்ற மரமாக இருக்கும். பனி இரண்டு மீட்டர் கிடக்கும்போது இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் விவரம். முப்பது சென்டிமீட்டர்தான் கிடக்கிறது, அதுவும் புதுப்பனி, மேலே பார்த்தால் பஞ்சு மாதிரி வழவழவென்று இருக்கிறது, அடியில் ஒரு கல் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்றால் அப்போது புரியும். எனக்கு உச்சியிலிருந்து மூன்றாவது திருப்பத்தில் புரிந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, பல் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

புரட்டிப் பார்த்தால் இடது ஸ்கீயில், சரியாகப் பாதத்துக்குக் கீழே, எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தகடு கிழிந்து மரம் தெரிந்தது. விளிம்பும் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. மூன்றாவது டூர் அது.

எல்லாக் கீறலும் ஒன்றில்லை. மேலோட்டமான கோடுகளை அப்படியே விட்டு மெழுகு போட்டுக்கொண்டே இருக்கலாம், பனிக்கு அது தெரியாது. தகடு ஆழமாகக் கீறியும் மரம் தெரியவில்லை என்றால் பி-டெக்ஸ் என்னும் பாலிஎதிலீன் குச்சி போதும். ஊதுபத்தி மாதிரி கொளுத்தி, சுடரைச் சின்னதாக வைத்து, தகட்டுக்கு மிக அருகில் பிடித்துச் சொட்ட விட வேண்டும். சுடர் பெரிதானால் கரி கலந்து, அந்தக் கறுப்புச் சொட்டு நாலு நாளில் கழன்று விழும். ஆறியதும் இரும்புத் தகட்டால் சீவிவிட்டால் சரி. (வீட்டுக்குள் செய்யாதீர்கள். நான் ஒரு தடவை சமையலறையில் செய்துவிட்டு, அதன் பிறகு கட்டடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறையில் எங்கள் வீட்டு முறை வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.) மரம் தெரிந்துவிட்டால் கதை வேறு. உள்ளே போன தண்ணீர் இரவில் உறையும், உறைந்தால் விரியும், சுற்றியுள்ள தகட்டையும் தூக்கிவிடும். முதலில் நன்றாகக் காயவைத்து, எபாக்ஸி பசை போட்டு, பெரிய ஓட்டையென்றால் துண்டு வெட்டி ஒட்ட வேண்டும். அதிலும் மோசம், விளிம்பை ஒட்டிய ஓட்டை. பி-டெக்ஸ் உருக்கு விளிம்பில் சரியாக ஒட்டாது, அந்த விளிம்போ ஒவ்வொரு திருப்பத்திலும் முழு உடல் எடையையும் வாங்கும் இடம். என்னுடையது அந்த ரகம்.

பட்டறையில் 95 பிராங்க் வாங்கிக்கொண்டு துண்டு ஒட்டி, அடியை இயந்திரத்தில் தேய்த்துச் சமமாக்கிக் கொடுத்தார்கள். வேலை சுத்தம்தான். ஆனால் அந்தத் தேய்ப்பு ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கொஞ்சம் தின்னும், ஆரம்பத்திலேயே மெல்லிசாக இருக்கிற ஸ்கீக்கு எத்தனை தடவை தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. "இன்னொரு கல் பட்டால் விளிம்பு நிற்கும் என்று சொல்ல மாட்டேன்" என்றார் அங்கிருந்தவர். அடுத்த வாரமே அந்தப் பெரியவரின் கராஜ்.

மர ஸ்கீ அந்த சீசனில் வாங்கிய அடிக்கு அளவில்லை. ஒரு பெரிய ஓட்டை, ஏழெட்டு ஆழமான கோடு, விளிம்பில் அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டிய முட்டல்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பி-டெக்ஸ் குச்சி, கொஞ்சம் எபாக்ஸி, துணி துவைக்கும் அறையில் முறை வந்த மூன்று மாலைகள். பழையது எல்லாமே பலமானது என்று சொல்ல வரவில்லை. கனமான விளிம்பு நசுங்கித் தாங்கிக்கொள்கிறது, மெலிந்த விளிம்பு வெடிக்கிறது, நான் கண்டது இவ்வளவுதான். ஒரு கார்பன், ஒரு மரம் வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

விற்பனை விலையும் இதோடு சேர்ந்ததுதான். யாரும் ஸ்கீயின் மேல்பக்கத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை, கையில் எடுத்ததும் புரட்டிவிடுவார்கள். பைண்டிங் இல்லாமல் 750 பிராங்குக்கு வாங்கிய கார்பனை ஏப்ரலில் 420க்குப் போட்டேன். பார்க்க வந்தவர் ஒட்டுத்துண்டில் விரலை ஒருமுறை ஓட்டிவிட்டு 250 என்றார். விற்கவில்லை. மர ஸ்கீயை நாளைக்கே 80க்குத் தள்ளிவிடலாம், நஷ்டம் நாற்பது பிராங்க், ஒரு நாள் வாடகைகூட இல்லை. இங்கே இதற்கு ஸ்டைன்ஸ்கீ என்று பெயரே உண்டு, கல் ஸ்கீ. சீசன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் என்று பலர் ஒரு பழைய ஜோடியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். முன்பே தெரிந்திருந்தால் நான் வாங்கிய வரிசையே மாறியிருக்கும்.

நண்பர்களோடு போவதால் இன்னொரு சங்கதி இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அடிபட்ட பிறகு கார்பனோடு போன இரண்டு டூரிலும் நான் ஒவ்வொரு பழுப்புத் திட்டைப் பார்க்கும்போதும் ஸ்கீயைக் கழற்றி, கையில் பிடித்து நடந்து, மறுபடி மாட்டினேன். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம். மற்ற மூவரும் கீழே காற்றில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நால்வரில் ஒருவன் இந்த மலைகள் இருக்கும் கிராபூண்டன் மாநிலத்துக்காரன், மலையிலேயே வளர்ந்தவன், ரொம்ப மரியாதையான ஆள், அவன்கூட மூன்றாவது தடவை "குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாயா?" என்று கத்தினான். மர ஸ்கீயில் அந்தத் திட்டின் மேலேயே தேய்த்துக்கொண்டு போய்விடுகிறேன், புல்தானே.

ஆனால் அந்தத் தைரியம்தான் பழைய ஸ்கீயின் ஒரே பெரிய ஆபத்து. பனி குறைவு என்றால் பனிச்சரிவும் குறைவு என்று தோன்றும், பல நேரம் நேர்மாறு. தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி, வெளிக்காற்று மைனஸ் பதினைந்து. நடுவில் பனி இரண்டு மீட்டர் இருந்தால் அந்த வித்தியாசம் பரவிவிடும், நாற்பது சென்டிமீட்டர்தான் என்றால் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அப்போது அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கரடான சர்க்கரை மாதிரி ஆகிவிடும். கையில் அள்ளினால் விரல் வழியே ஓடும். அதன் மேல் பிப்ரவரியில் புதுப்பனி அமர்ந்தால், சர்க்கரை மேல் வைத்த பலகைதான். டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் தினசரி அறிக்கையில் இதற்குப் 'பழைய பனிச் சிக்கல்' என்று பெயர். பாறைகளைச் சுற்றிப் பனி மெலிந்த இடத்தில்தான் ஒரு ஆளின் எடை அந்தப் பலவீனமான அடுக்கைச் சுலபமாகத் தொடும். கார்பன் வைத்திருப்பவன் ஸ்கீக்குப் பயந்து பாறைப் பக்கம் போகவே மாட்டான். கல் ஸ்கீ வைத்திருப்பவனுக்கு அந்தப் பயம் இல்லை. நான் ஒரு தடவை அப்படிப் போய், காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டு, மூச்சு விடாமல் வந்த தடத்திலேயே திரும்பினேன். அப்புறம் அந்த வருடம் முழுக்க முப்பது டிகிரிக்குக் குறைவான புல்வெளிச் சரிவுகள்தான்: சங்க்ட் அந்தோனியனிலிருந்து ஏறும் கிரூட்ஸ், தூசிஸ் ஊருக்கு மேலே இருக்கும் ஹைன்சென்பெர்க். புல்வெளியில் முப்பது சென்டிமீட்டர் பனி போதும், கற்குவியலுக்கு ஒரு மீட்டரும் பத்தாது. மாடுகளுக்குப் போட்ட கம்பி வேலி மட்டும் எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழசு தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இலையுதிர் காலத்தில் ஊர் ஊராக நடக்கும் ஸ்கீபோர்ஸ் சந்தைகள்தான் நல்ல இடம், நான் ஜனவரியில் அவசரத்தில் தேடியது முட்டாள்தனம். நுனியை விரலால் கிள்ளிப் பாருங்கள், அடுக்குகள் பிரிந்தால் வேண்டாம். விளிம்பில் மேலாகத் துரு இருந்தால் பரவாயில்லை, விளிம்பில் வெடிப்பு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பைண்டிங் உங்கள் பூட்ஸ் நீளத்துக்கு நகருமா என்று அங்கேயே பாருங்கள், நகராவிட்டால் புதிதாகத் துளை போட வேண்டும், ஏற்கெனவே இரண்டு தடவை துளை போட்டது என்றால் நான் தொட மாட்டேன். பூட்ஸும் பனிச்சரிவில் புதையுண்டவரைத் தேடும் கருவியும் மட்டும் பழசு வாங்காதீர்கள். ஸ்கீயில் மிச்சம் பிடித்த காசில் நான் முதலில் வாங்கியது மூன்று ஆன்டெனா உள்ள புதுக் கருவி.

பனிப்பாறைகள் மேல் போகும் பல நாள் டூருக்கு மர ஸ்கீ எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் போனதில்லை. என் எடை 66 கிலோ, 90 கிலோக்காரர் அதே கல்லில் அதே ஸ்கீயோடு விழுந்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. ஏப்ரலில், மேலே உறைந்த பனி கெட்டியாகக் கிடக்கும்போது, கார்பனைத்தான் எடுக்கிறேன், அப்போது அது பறக்கிறது.

இந்த வருடமும் டிசம்பர் பாதி தாண்டிவிட்டது, சங்க்ட் அந்தோனியன் கேமராவில் கொட்டகைக் கூரை மட்டும்தான் வெள்ளை. போன வாரம் கிராபூண்டன்காரன் போன் செய்து, அந்தப் பெரியவரிடம் இன்னொரு ஜோடி இருக்குமா என்று கேட்டான். விசாரித்தேன். இருக்கிறதாம், 185 சென்டிமீட்டர், அவனுக்குக் கொஞ்சம் நீளம், ஆனாலும் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.