காட்பாடி நர்சரியின் டயாந்தஸ் நாற்றுகள் வேலூர் வெயிலைத் தாங்குமா?

காட்பாடியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையோர நர்சரி ஒன்றில் கார்த்திகைத் தொடக்கத்தில் டயாந்தஸ் நாற்றுகள் வாங்கி, சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் ஒரு பருவம் முழுவதும் வளர்த்துப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ரோஜா, செம்பருத்தி, மல்லி ஆகியவற்றையே அதிகம் விற்கும் நம் ஊர் நர்சரிகளுக்கு நடுவே, குளிரை விரும்பும் பூச்செடி ஒன்றைத் துணிந்து வரவழைத்து, வாடாமல் வைத்திருந்து விற்பது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

பூங்கொத்துகளில் நாம் பார்க்கும் கார்னேஷனும் டயாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். இங்கே கிடைப்பது சீன டயாந்தஸ் வகை. வட சீனா, கொரியா, மங்கோலியா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது, இயல்பில் பல்லாண்டுச் செடியே ஆனாலும் ஆயுள் குறைவானது. வெப்பம் மிகுந்த ஊர்களில் ஒரு பருவச் செடியாகவே வளர்க்கப்படுகிறது. கார்னேஷனுக்குரிய கிராம்பு மணத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நிறத்தில் குறையே இல்லை. கத்தரிக்கோலால் பல்பல்லாக நறுக்கியது போன்ற இதழ் ஓரமும், வெளிர் இளஞ்சிவப்பின் நடுவே வளையமாக ஓடும் அடர்சிவப்பும், காலை வெயிலில் அருகே குனிந்து பார்க்கும்போது கண்ணை அகற்றவிடுவதில்லை.

நாற்றுகளின் தரத்தைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடிகிறது. தண்டின் கணுக்கள் புடைத்து, ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே இரண்டு குறுகிய இலைகளுடன், அடியிலிருந்தே பக்கக் கிளைகள் விட்ட செடிகளாக இருந்தன. கேட்டவுடன் பணியாளர் கறுப்புப் பையை மெல்ல உருவி வேரைக் காட்டினார். வேர்கள் வெண்மையாக, சுருண்டு நெருங்காமல் இருந்தன. வாங்க வருபவருக்கு இப்படி வேரைக் காட்டும் பொறுமை எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை.

குறை இரண்டு உண்டு. முதலாவது, பையில் மண்ணே இல்லாமல் தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; டயாந்தஸுக்கோ அடித்தண்டில் ஈரம் தேங்கினால் அழுகல் வந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த தொட்டிக்கு மாற்றி, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் புதையாமல் நட வேண்டும். நடுநிலையான அல்லது சற்றே காரத்தன்மையுள்ள மண்தான் இதற்கு ஏற்றது என்பதால், அமிலத்தன்மையைக் கூட்டும் உரங்களைத் தவிர்ப்பது நல்லது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்; அதையும் இலைமேல் படாமல் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்தியது. ‘ஆண்டு முழுவதும் பூக்கும்’ என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இது நடக்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியில் வீடு இருப்பவர்களுக்கு இந்தச் செடி இன்னும் நீண்ட காலம் நிற்கலாம். கார்னேஷனை வணிகமாகப் பயிரிடுவோரும் நீலகிரி, கொடைக்கானல், ஓசூர் போன்ற இதமான இடங்களில் பசுமைக்குடில் அமைத்தே வளர்க்கிறார்கள். எங்கள் மாடியில் மார்கழி முதல் மாசி வரை பூ அடர்ந்திருந்தது. பங்குனியில் மொட்டுகள் சிறுத்தன. அதன்பின் நிழல்வலைக்கு அடியில் வைத்தவற்றுள் சில மட்டுமே தப்பின. வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடையின் மீதான நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

வாடிய பூக்களைக் காம்போடு கிள்ளிவிட்டால் புது மொட்டுகள் தொடர்ந்து வருகின்றன. பூவாத பக்கக் கிளைகளைத் தை மாதத்தில் கணுவுக்குக் கீழே வெட்டி, ஈர மணலில் நட்டு வேர்விடச் செய்யலாம். கடையிலும் இதையே சொல்லிக் கொடுத்தார்கள்.

மொத்தத்தில் தயங்காமல் போகக்கூடிய கடை இது. பெருமழை ஓய்ந்த கார்த்திகையிலோ மார்கழியிலோ சென்று, முழுதாக மலர்ந்த செடிகளை விடுத்து, மொட்டுகள் நிறைந்த, அடியிலை மஞ்சளாகாத செடிகளைப் பார்த்து எடுங்கள். தைக்குப் பிறகு வாங்க வேண்டாம்.