கையில் உள்ள பி.டி.எஸ். இடமா, இன்னொரு நீட் ஆண்டா?

2018-இல் கலந்தாய்வில் எனக்குப் பல் மருத்துவ இடம் கிடைத்த அன்று வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. "எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இன்னும் கொஞ்சம்தானே, ஒரு வருடம் பொறுத்துக்கொள்" என்றார் அப்பா. இடத்தை விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் ஒரு விடுதியோடு கூடிய கோச்சிங் மையத்தில் சேர்ந்தேன். ஏறக்குறைய என் மதிப்பெண்ணே வாங்கியிருந்த தோழி, அதே மாதம் பி.டி.எஸ். சேர்ந்துவிட்டாள்.

அந்த ஆண்டை அவளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அவள் மெழுகுக் கட்டையில் பல் செதுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்கள் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஆசிரியர் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். விரல் நுனியெல்லாம் மெழுகு என்று தொலைபேசியில் சொல்வாள். நான் விடியற்காலையில் எழுந்து, ஏற்கெனவே படித்த அதே இயற்பியலைத் திரும்பப் படித்தேன். ஞாயிறுதோறும் தேர்வு, திங்களன்று சுவரில் தரவரிசை. படிப்பின் பளுவை என்னால் தாங்க முடிந்தது; அந்தச் சுவரைத்தான் தாங்க முடியவில்லை.

2019-இல் என் மதிப்பெண் கூடியது. கட்-ஆஃப் அதைவிடக் கூடியது. கடைசியில் பி.டி.எஸ்.தான், அதுவும் தனியார் கல்லூரியில். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. அவள் முடித்து ஓராண்டு கழித்து நான் முடித்தேன்.

என் கதையை வைத்து 'காத்திருக்கவே கூடாது' என்று சொல்லிவிட மாட்டேன். காத்திருந்து மருத்துவ இடம் பெற்றவர்கள் என் விடுதியிலேயே இருந்தார்கள். நீட் எழுத இப்போது உச்ச வயது வரம்பும் இல்லை. ஆனால் பழைய மதிப்பெண்ணை அடுத்த ஆண்டுக் கணக்கில் வைக்காதீர்கள். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர். 2025-இல் நாட்டின் முதலிடமே 686தான். மதிப்பெண்ணைவிடத் தரவரிசையைப் பாருங்கள்.

பிறகு விடைத்தாளை எடுத்து வையுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. தவறிய ஒரு கேள்வியைச் சரியாக்கினால் 5 மதிப்பெண் ஏறும். 50 மதிப்பெண் என்பது பத்துக் கேள்வி. அந்தப் பத்தும் அவசரத்தில் தவறாக எழுதியவை என்றால் ஓராண்டுக்குப் பயன் இருக்கும். புரியாத பாடங்களில் போனவை என்றால், அதே பாடத்தை இன்னொரு முறை கேட்பதால் மட்டும் அவை திரும்பி வராது.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்றே. அவற்றில் இடம் கிடைத்து, பல் மருத்துவத்தின் மேல் வெறுப்பும் இல்லையென்றால் சேர்ந்துவிடுங்கள் என்பேன். அடுத்த ஆண்டு அந்த இடமே கிடைக்காமல் போகலாம். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்கள் இடத்தை விடும் முன் இன்னும் யோசிக்க வேண்டும். தனியார் கல்லூரியானாலும் அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டிய குடும்பம் என்றால், ஒரே ஒரு ஆண்டு காத்திருப்பதே நல்லது. இரண்டாவது ஆண்டு வேண்டவே வேண்டாம்.

சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கலாம் என்ற மூன்றாவது யோசனையைப் பலர் சொல்வார்கள். உடற்கூறியலும் உடலியங்கியலும் மெழுகுக் கட்டையும் இருக்கும் முதல் ஆண்டில் அதற்கு நேரம் கிடைக்காது. இடையில் விலகினால் என்ன அபராதம் என்பதை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கலந்தாய்வுக் கையேட்டில் படித்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன், முடிந்தால் ஒரு காலை நேரம் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவமனைக்குப் போய்ப் புறநோயாளிகள் பகுதியில் உட்கார்ந்து பாருங்கள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது அந்தக் கதவுக்கு உள்ளே போக மனம் துடிக்கிறதா என்று கவனியுங்கள். என்னை யாரும் அங்கே அழைத்துப் போகவில்லை.