சிஆர்டி புரொஜெக்டருக்கு எந்த ரெசல்யூஷன், எந்த ரிஃப்ரெஷ் ரேட்?

பல வருடங்களாக வீட்டில் மூன்று டியூப் சிஆர்டி புரொஜெக்டரில்தான் (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக, பழைய டிவி மாதிரியான படக்குழாய் உள்ளது) படம் பார்க்கிறேன். என்னுடையது 8 அங்குல டியூப், மின்காந்த ஃபோகஸ் உள்ள ரகம். புதிதாக ஒன்றை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "இது அதிகபட்சம் எவ்வளவு ரெசல்யூஷன் எடுக்கும்?" என்பதுதான். அந்த விடையை வைத்து நல்ல படம் அமையாது. பெட்டி ஏற்றுக்கொள்வது ஒன்று, டியூப் பிரித்துக் காட்டுவது வேறொன்று.

எல்சிடி, டிஎல்பி மாதிரி இதில் எண்ணி வைத்த பிக்சல்கள் கிடையாது. எலக்ட்ரான் கற்றை, டியூப் முகத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பரின் மேல் ஒரு புள்ளியாக விழுந்து, கோடு கோடாக ஓடுகிறது. அந்தப் புள்ளிக்கு ஒரு தடிமன் உண்டு. கோடுகள் குறைந்தால் நடுவே கறுப்பு இடைவெளி தெரியும். கூடினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். நுணுக்கம் கூடுவதற்குப் பதில் படம் மங்கும். ஒரு கோடு அடுத்ததைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற எண்ணிக்கைதான் நமக்கு வேண்டியது. டியூபின் முகம் பெரும்பாலும் 4:3 என்பதால், 16:9 படம் போடும்போது உயரம் சுருங்கி, கோடுகள் இன்னும் நெருங்குகின்றன. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் டியூபின் எல்லையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு வரி வெள்ளை, ஒரு வரி கறுப்பு என மாறி மாறி வரும் சோதனைப் படத்தைப் போடுங்கள். அரை மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகு, சிவப்பு, நீல லென்ஸ்களை மூடிவிட்டுப் பச்சையை மட்டும் திரைக்கு அருகில் போய்ப் பாருங்கள். மூன்றும் எரிந்தால் கன்வெர்ஜன்ஸ் (மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) பிசகு எது, ஃபோகஸ் பிசகு எது என்று பிரிக்க முடியாது. நீலத்தை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். வெளிச்சம் கூடக் கிடைப்பதற்காக அதன் ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தி வைப்பது வழக்கம். கான்ட்ராஸ்ட் நீங்கள் படம் பார்க்கும் அளவிலேயே இருக்கட்டும். கற்றையின் மின்னோட்டம் ஏற ஏறப் புள்ளி பருக்கும். கான்ட்ராஸ்டைக் குறைத்துச் சோதித்தால் எந்த டியூபும் நன்றாகத்தான் தெரியும்.

என் டியூபில் 720 கோடுகள் தனித்தனியாக நிற்கின்றன. 1080 போட்டால் வரிகள் கரைந்து சாம்பல் பூச்சாகிவிடுகின்றன. சோனி ஜி90 போன்ற 9 அங்குல டியூப் உள்ளவர்கள் 1080-ஐத் தாராளமாக முயலலாம். 7 அங்குல, மின்நிலை ஃபோகஸ் உள்ள டியூபுக்கு 720 என்பதே மேல் வரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ரிஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை திரையில் படம் வரையப்படுகிறது என்பது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். அதை 60-இல் காட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று வரும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அந்தத் தத்தளிப்பு நன்றாகத் தெரியும். 72-இல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று தடவை வரும். 48-உம் 24-இன் மடங்குதான், ஆனால் வெளிச்சமான காட்சிகளில் திரை படபடக்கிறது. அந்தப் படபடப்போடு முழுப் படம் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது 23.976 என்பதால், படம் ஓட்டும் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் 71.928 என்று வைப்பது நல்லது. 72 என்றே விட்டால் சுமார் 14 நொடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு ஃபிரேம் நான்கு தடவை வரும். நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள படத்துக்கு 75.

கோடும் ரிஃப்ரெஷும் சந்திக்கிற இடம் கிடை ஸ்கேன் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை கோடுகள் என்ற கணக்கு. மறைவாக ஓடும் கோடுகளையும் சேர்த்து 720-க்கு மொத்தம் 750 கோடுகள்; 72-ஆல் பெருக்கினால் 54 கிலோஹெர்ட்ஸ். 1080-க்கு மொத்தம் 1125. 48-ஆல் பெருக்கினாலும் அதே 54. புரொஜெக்டரின் டிஃப்ளெக்‌ஷன் பகுதிக்கு (கற்றையை வளைத்து ஓட்டுவது) இரண்டும் ஒரே வேகம்தான். அதே வேலையை வாங்கிக்கொண்டு கரைந்த கோடுகளும் படபடப்பும் வேண்டுமா, தெளிவான கோடுகளும் அசையாத திரையும் வேண்டுமா என்று பார்த்தால், எனக்கு இரண்டாவதுதான்.

1080-ஐ 72-இல் ஓட்டினால் 81 கிலோஹெர்ட்ஸ். பெட்டி தாங்கும், ஆனால் ரிட்ரேஸ் இடிக்கும். ஒரு கோட்டை முடித்த கற்றை அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். வழக்கமான டைமிங்கில் 1080p72 (1080 கோடு, 72 ரிஃப்ரெஷ்) அதற்கு விடுவது சுமார் 1.6 மைக்ரோ நொடி. 720p72-இல் 4-க்குச் சற்று மேல். நேரம் போதாவிட்டால் படத்தின் ஓரம் மடிந்து தெரியும். சிக்னலில் பிக்சல்கள் வரும் வேகமான பிக்சல் கடிகாரமும் 178.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும், 720p72-க்கு 89.1 போதும். வேகம் கூடும்போது வீடியோ ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் திணறினால் நெருக்கமான செங்குத்துக் கோடுகள்தான் முதலில் மங்கும். அகலத்தில் 1280-க்குப் பதில் 1920 வைக்கவும் முடியும், ஆனால் கடிகாரம் 118.8-க்குப் போய் ரிட்ரேஸ் நேரம் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. என் பெட்டியில் அந்தப் பேரம் கட்டவில்லை.

விளையாட்டு ஒளிபரப்பு 1080i-ஆக (ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த ஃபீல்டு என மாறி மாறி வரும் இன்டர்லேஸ் முறை) வந்தால் நான் அதை மாற்றாமல் அப்படியே போடுகிறேன். 60 ஃபீல்டுக்கு 33.75, 50-க்கு 28.125 கிலோஹெர்ட்ஸ், 15 கிலோஹெர்ட்ஸ் மட்டும் எடுக்கும் பழைய ரகங்களைத் தவிர்த்தால் சிஆர்டி புரொஜெக்டருக்குச் சுலபம். இன்டர்லேஸ் படம் இந்த டியூபுகளுக்குப் பிறவியிலேயே பழக்கம். ஓட்டத்தின் வழவழப்பு, மாற்றிக் கொடுக்கும் கருவிகள் வழியாக வருவதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், மோடுகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஜியாமெட்ரியும் (படத்தின் வடிவம், அளவு) கன்வெர்ஜன்ஸும் தனியாகச் செய்து நினைவகத்தில் சேமிக்க வேண்டும். நான் 720p72, 720p75, 1080i மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றிலும் டியூப் முகத்தில் ராஸ்டர் (கற்றை ஓடும் கோடுகள் நிரப்பும் பரப்பு) ஒரே அளவு, லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியது. பெரிதாக இருந்தால் கோடுகளுக்கு இடம் கிடைக்கும், பாஸ்பரின் தேய்மானமும் பரவும். மோடுக்கு ஒரு அளவாக வைத்தால் சின்ன ராஸ்டரின் விளிம்பு நாளடைவில் பாஸ்பரில் பதிந்து, பெரிய படத்தில் கோடாகத் தெரியும். அதை எந்த செட்டிங்காலும் அழிக்க முடியாது.