நம்பிக்கையைக் கற்பிக்கும் ஓர் இணையவழிப் பயிற்சி: மதிப்புரை

பணியிடத்திலும் வீட்டிலும் பிறருடைய நம்பிக்கையையும் மதிப்பையும் பெறுவதைப் பற்றிய இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். இவ்வகைப் பயிற்சிகள் பலவும் கைகுலுக்கும் முறை, கண்ணைப் பார்த்துப் பேசுவது, குரலின் ஏற்ற இறக்கம் என்று வெளித்தோற்றத்திலேயே நின்றுவிடுகின்றன. இதை வடிவமைத்தவர்கள் அதைத் தாண்டி யோசித்திருக்கிறார்கள்.

பாடங்களுக்கு அடிப்படையாக இருப்பது மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995-இல் முன்வைத்த கோட்பாடு. ஒருவரை நம்பலாமா என்று முடிவு செய்யும்போது அவருடைய திறமை, நம் நலனில் அவருக்குள்ள அக்கறை, அவருடைய நேர்மை ஆகிய மூன்றையும் எடைபோடுகிறோம் என்கிறது அது. வேலையில் கெட்டிக்காரரான மேலாளரிடம்கூடத் தங்கள் சிக்கலைச் சொல்ல ஊழியர்கள் ஏன் தயங்குகிறார்கள், உயிருக்குயிரான நண்பரிடம் ஒரு முக்கியப் பொறுப்பை ஒப்படைக்க நமக்கு ஏன் மனம் வருவதில்லை என்பவை இந்தப் பகுப்பால் விளங்குகின்றன.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி, உடைந்த நம்பிக்கையைச் சீர்செய்வது பற்றியது. திறமைக் குறைவால் நேர்ந்த பிழைக்குக் கேட்கும் மன்னிப்பு நம்பிக்கையை மீட்க உதவுகிறது. நேர்மையிலேயே ஐயம் எழுந்துவிட்டால் அதே மன்னிப்பு அந்த அளவுக்கு உதவுவதில்லை என்று 2004-இல் வெளியான ஆய்வொன்றை எடுத்துக்காட்டி, இரண்டையும் ஒரே சொற்களால் சமாளிக்க முயல்வதன் பயனின்மையை விரிவாக விளக்குகிறார்கள். அதையொட்டிய பயிற்சி எளிமையானது, ஆனால் கடுமையானது. நாம் கொடுக்கும் வாக்குகளை எழுதிவைத்து, ஒன்று தவறிப்போகும் என்று தெரிந்த உடனேயே, கெடு முடியும்வரை காத்திராமல், உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். "பார்த்துச் செய்கிறேன்" என்று போகிற போக்கில் சொல்வதையும் கேட்பவர் வாக்காகவே கொள்கிறார் என்பது எழுதத் தொடங்கியதும் புரிந்துவிடுகிறது. இந்தப் பகுதிக்காகவே பயிற்சியைப் பரிந்துரைப்பேன்.

குடும்ப உறவுகள் பற்றிய பாடங்கள் இந்தத் தரத்தில் இல்லை. வாழ்க்கைத் துணையோடு வாராந்தர ஆய்வுக் கூட்டம் நடத்தச் சொல்வது, அலுவலகத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். தம்பதியரை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன் வலியுறுத்திய ஒன்று, அதாவது துணைவர் நம் கவனத்தை நாடும் சின்னஞ்சிறு தருணங்களில் முகம் கொடுத்துப் பேசுவது, இங்கே இடம்பெறவே இல்லை. மதிப்பு பற்றிய பாடமும் மேலோட்டமானதே. அஞ்சிப் பணிவதற்கும் மதித்துக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது தொடவில்லை.

நிர்வாகத்தினர் உடனே திருத்த வேண்டிய குறை ஒன்று உண்டு. சக ஊழியரோடு நேர்ந்த பிணக்கைப் பொதுக் கலந்துரையாடலில் அனைவரும் படிக்கும்படி எழுதச் சொல்கிறார்கள். அங்கே பேசப்படும் அந்த மூன்றாம் மனிதர் இதற்கு இசைவு தந்தவர் அல்லர். அத்தகைய பதிவுகளைப் பயிற்றுநர் மட்டுமே பார்க்கும்படி மாற்றுவது கடினமான வேலையன்று.